குதிரைமலையும் உரோமர் போற்றிய மித வாழ்வும்

புத்தளத்திற்கு வடக்கே, வில்பத்துக் காடு கடலைச் சந்திக்குமிடத்தில் செந்நிற மேடாக உயர்ந்து நிற்பது குதிரைமலை. அல்லி அரசாணி கோட்டை கட்டி ஆண்ட இடம் இதுவென மக்கள் கதை கூறுவர். அக்கதையினும் சுவையான செய்தியொன்றை உரோமாபுரி அறிஞர் ஒருவர் எழுதிவைத்துள்ளார். அவரே மூத்த பிளினி. கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் நீத்த அவர், 37 பகுதிகள் கொண்ட ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலை இயற்றியவர்.

செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் ஏவலாள் ஒருவன், அரேபியக் கரையோரமாகச் செல்கையில் காற்றினால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையில் ‘இப்புரோஸ்’ என்னும் துறையை அடைந்தானாம். கிரேக்க மொழியில் குதிரையைக் குறிக்கும் சொல் இப்பெயரில் விளங்குவதால், அத்துறை குதிரைமலையே என அறிஞர் பலர் கருதினர். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும் எடை மட்டும் ஒன்றாகவே இருந்ததைக் கண்ட நம் நாட்டு மன்னன், உரோமரின் நேர்மையை வியந்து, கிளோடியஸ் பேரரசனிடம் நான்கு தூதுவரை அனுப்பினான் என்பர்.

அத்தூதுவர் கூறியனவாகப் பிளினி தரும் செய்திகளே நம் சிந்தனைக்குரியன. இத்தீவில் அடிமைகள் இல்லை, விடிந்த பின்னர் எவரும் உறங்குவதில்லை, வீடுகள் அளவான உயரமுடையன, தானியத்தின் விலை ஏறுவதில்லை, வழக்குமன்றங்களும் இல்லை.

இவை யாவும் உண்மைதாமோ? நம் வரலாறு கற்றோர் முழுதும் ஏற்கமாட்டார். அரியணைக்காக நடந்த போர்களை மகாவம்சமே விரித்துரைக்கின்றது. ஆயின் உரோமாபுரியின் நிலையை நோக்கினால் இவ்வருணனையின் உட்பொருள் புலனாகும். அங்கே மாடிவீடுகள் இடிந்து வீழ்ந்தமையால், 70 அடிக்கு மேல் கட்டலாகாதென அகஸ்தஸ் விதிசெய்ய நேர்ந்தது. கி.பி. 51 இல் தானியத் தட்டுப்பாட்டால் வெகுண்ட மக்கள் கிளோடியஸையே நடுச்சந்தையில் வளைத்துக்கொண்டனர். அடிமைகளோ எங்கும் நிறைந்திருந்தனர். தம் நகரில் இல்லாத நலங்களையெல்லாம் தொலைதூரத் தீவொன்றில் கண்டு மகிழ்ந்தார் பிளினி என்று கொள்வதே பொருந்தும்.

மன்னார்க்குடாவின் முத்து உரோமச் சந்தையை நாடிச் சென்ற காலம் அது. லொல்லியா பவுலினா என்னும் சீமாட்டி, சாதாரண நிச்சயதார்த்த விருந்தொன்றுக்கு நான்கு கோடி செஸ்தர்ஸ் பெறுமதியான முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைப் பிளினி நேரிற் கண்டாராம். விலையை ஐயுற்றோருக்குக் காட்டப் பற்றுச்சீட்டுகளும் ஆயத்தமாக இருந்தனவாம்!

இத்தகைய ஆடம்பரத்தைச் சட்டத்தால் அடக்க உரோமர் முயன்றதுண்டு. கி.மு. 161 இல் விருந்துச் செலவுக்கே ஒரு சட்டம் எல்லை வகுத்தது. அது நிலைக்கவில்லை. பின்னர் வந்த செனெக்கா வேறு வழி கூறினார்: செல்வமுள்ளபோதே சில நாட்கள் எளிய உணவும் முரட்டு ஆடையுமாக வாழ்ந்து பழகவேண்டும், அப்போது வறுமை குறித்த அச்சம் அகலும் என்றார். அவரே பெருஞ்செல்வர் என்று அக்காலத்தவர் பழித்தனர். பழி நியாயமாகலாம், அதனால் அவர் கூறிய பயிற்சி பயனற்றதாகிவிடாது.

மிதமின்மையின் விளைவை நம் கடலும் கண்டதுண்டு. 1905 ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு இலண்டன் கம்பனியொன்று முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907 க்குப் பின் பல்லாண்டுகள் குளிப்பே நடைபெறவில்லை. நீரோட்டமும் திருக்கை மீனும் பார்களை அழிப்பதுண்டு என்பது மெய்யே. ஆயினும் ஓய்வின்றி வாரியெடுத்த கைகளைக் குற்றமற்றன என்று எவ்வாறு கூறுவது?

நம் இல்லங்களில் நிகழ்வதும் இதுவே. ஒருநாட் கலியாணத்திற்காகப் பத்தாண்டு கடன் சுமக்கும் தந்தையர் எத்தனை பேர்! அந்நகைகள் பெண்ணின் கழுத்தில் இருப்பதினும் அடகுக்கடைப் பெட்டியில் இருக்கும் நாட்களே அதிகம். ஊரார் வாய்க்கு அஞ்சிச் செய்யும் செலவு ஊராருக்கும் பயன்படுவதில்லை.

செல்வம் தங்கள் நாட்டிலேயே மிகுதி என்றும், அதனைச் செலவிட்டு அனுபவிப்பதில் உரோமரே முந்தியவர் என்றும் தூதுவர் கூறினராம். அனுபவிப்பது யாது, அழிப்பது யாது என்று பகுத்துணர்வதே மிதம். அதனைச் சட்டம் கற்பிக்காது. மாத முதலில் கணவனும் மனைவியும் கூடியிருந்து எழுதும் வரவு செலவுக் கணக்கு கற்பிக்கும். அதனைப் பிள்ளைகளும் அருகிலிருந்து காணட்டும்.