கையில் எழுத்துகள், அகராதியில் சொல்

ஆங்கில அகராதி முதல் எழுத்தில் தொடங்கி வரிசையாக அடுக்கப்பட்டது. பூனையைக் குறிக்கும் 'கேட்' எங்கே என்று கேட்டால் உடனே காட்டிவிடும். சி, ஏ, டி ஆகிய மூன்று எழுத்தும் எந்த இடத்திலாவது வரும் சொற்கள் எவை என்று கேட்டால் அது உதவாது. ஆக்டர், சார்ட், டீச்சர், பரணைக் குறிக்கும் ஆட்டிக் ஆகிய நான்கிலும் அந்த மூன்று எழுத்தும் இருக்கின்றன. ஆனால் அவை இருக்கும் பக்கங்களுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லை.

இந்தத் தேடலில் மூன்று விதமான கேள்விகள் உண்டு. கொடுத்த எழுத்துகள் அத்தனையையும், அவற்றை மட்டுமே கொண்டு சொல் அமைப்பது ஒன்று. கொடுத்தவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்து அமைப்பது இன்னொன்று. ஸ்கிராபிள் ஆட்டம் இந்த வகை. கொடுத்த எழுத்துகள் கட்டாயம் இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் சேரலாம் என்பது மூன்றாவது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஸ்பெல்லிங் பீ புதிரில் பின்னிரண்டும் கலந்திருக்கும். ஏழு எழுத்துகளுக்குள்தான் சொல் அமைய வேண்டும், நடுவில் உள்ள எழுத்து கட்டாயம் வர வேண்டும்.

முதல் கேள்விக்கான விடை மிக அழகானது. 'லிசன்' என்ற சொல்லில் ஆறு எழுத்து: எல், ஐ, எஸ், டி, ஈ, என். இவற்றை 720 விதமாக மாற்றி அடுக்கலாம். ஒவ்வொன்றையும் எழுதி அகராதியில் சரிபார்ப்பது வீண் உழைப்பு. ஏழு எழுத்தானால் அது 5,040 ஆகிவிடும். அதைவிட, சொல்லின் எழுத்துகளையே அகர வரிசையில் அடுக்கிவிடலாம்: ஈ, ஐ, எல், என், எஸ், டி. சைலன்ட், என்லிஸ்ட், டின்சல் ஆகியவற்றை இப்படி அடுக்கினாலும் இதே ஆறுதான் இதே வரிசையில் வரும். அகராதி முழுவதற்கும் ஒருமுறை இதைச் செய்து வைத்தால், ஒரே அடையாளம் கொண்ட சொற்கள் தாமாகவே ஒரே இடத்தில் கூடிவிடும். ஜான் பென்ட்லியின் 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூல் வழியாகக் கணிப்பொறி மாணவர் பலர் இந்த உத்தியை அறிந்திருக்கிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு இந்த அடையாளம் போதாது. அங்கே சல்லடைதான் வழி. முதல் எழுத்து இல்லாத சொற்களைக் கழித்து, மிஞ்சியதில் இரண்டாவது எழுத்து இல்லாதவற்றைக் கழித்து, இப்படியே சலித்துக்கொண்டு போக வேண்டும். 1970களில் யுனிக்ஸ் இயங்குதளத்துக்காகக் கென் தாம்ப்சன் எழுதிய 'கிரெப்' என்ற சிறு நிரலை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் இதே வேலை நடக்கும். கையால் தேடுபவருக்கு எந்த எழுத்தை முதலில் சலிப்பது என்பதுதான் முக்கியம். ஏ, க்யூ, இஸட் மூன்றும் வேண்டுமென்றால், ஏ-யில் தொடங்குவது காட்டுக்குள் நுழைவதற்குச் சமம். க்யூவில் தொடங்கினால் 'குவார்ட்ஸ்' விரைவில் அகப்படும்.

எது அரிய எழுத்து என்பதை ஸ்கிராபிள் காய்களே சொல்கின்றன. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த நிலையில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே காய்களின் எண்ணிக்கையை முடிவு செய்தார். மொத்தம் 100 காய்கள். ஈ எழுத்துக்கு 12 காய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு புள்ளி. க்யூவுக்கும் இஸட்டுக்கும் ஒவ்வொரு காய்தான், மதிப்போ பத்துப் பத்துப் புள்ளி. புள்ளி மிகுந்த எழுத்தில் தேடலைத் தொடங்குவது நல்லது.

கணிப்பொறி சொல்லைப் படிப்பதில்லை. 26 விளக்குகள் கொண்ட பலகையாக ஒவ்வொரு சொல்லையும் அது பார்க்கும்படி செய்யலாம். சொல்லில் உள்ள எழுத்துகளின் விளக்குகள் மட்டும் எரியும். தேடும் எழுத்துகளின் விளக்குகள் எல்லாம் அங்கே எரிகின்றனவா என்பதை ஒரே நடையில் ஒப்பிட்டுவிடலாம். ஒரு குறை உண்டு: ஒரே எழுத்து இரண்டு முறை வருவதை விளக்கு காட்டாது.

அந்தக் குறையைப் பகா எண்கள் தீர்க்கின்றன. ஏ-க்கு 2, பி-க்கு 3, சி-க்கு 5 என்று 26 எழுத்துக்கும் வரிசையாகப் பகா எண் கொடுத்தால், 'கேட்' சொல்லின் கடைசி எழுத்தான டி-க்கு 71 வரும். 'கேட்' என்பதன் பெருக்குத்தொகை 5 × 2 × 71 = 710. 'ஆட்டிக்' சொல்லின் பெருக்குத்தொகை 11,59,430. அது 710ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே மூன்று எழுத்தும் உள்ளே இருக்கின்றன. இரண்டு டி வேண்டுமென்றால் 710ஐ மீண்டும் 71ஆல் பெருக்கி, 50,410ஆல் வகுக்கலாம். 'ஆட்டிக்' அதிலும் தேறும், 'சார்ட்' தேறாது. சொல் தேடல் இப்படி வகுத்தல் கணக்காக மாறுவது வியப்பூட்டும் செய்தி. நீண்ட சொற்களுக்குப் பெருக்குத்தொகை அளவு மீறிப் போவதால், நடைமுறையில் ஒவ்வோர் எழுத்தின் எண்ணிக்கையையும் தனித்தனியே குறித்து வைப்பதே எளிது.

மனிதர்களுக்கு உதவுவது வேறு வழி. எழுத்துகளை வட்டமாக எழுதினால், பழைய வரிசையைக் கண் பற்றிக்கொள்ளாது. ஐ, என், ஜி மூன்றும் கையில் இருந்தால் அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தை முன்னால் பொருத்திப் பார்க்கலாம். க்யூவைப் பெரும்பாலும் யூவோடு சேர்த்தே வைக்கலாம். முக்கியமாக, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது ஏமாற்றும். 'சைலன்ட்' சொல்லில் ஒலிக்கும் டி, 'லிசன்' சொல்லில் ஒலிப்பதில்லை. எழுதியதை ஏறத்தாழ அப்படியே ஒலிக்கும் தமிழில் பழகியவர்களுக்கு இங்கே காதைவிடக் கண்தான் துணை.

கண்ணால் மட்டுமே இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் காட்டினார். ஃபிரெஞ்சு மொழி பேசத் தெரியாத அவர், அதன் சொற்பட்டியலைச் சில வாரங்கள் மனப்பாடம் செய்து, 2015இல் ஃபிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார்.