மேஜர் பரமேசுவரன்: வீரமும் துயரமும்

சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் பகைத்து நின்றபோது, இது வேற்றாரோடு செய்யும் போரன்று என்று இடித்துரைத்தார் கோவூர் கிழார். அப்புறநானூற்றுப் பாடலை நாம் நடத்தும்போதெல்லாம் மேஜர் இராமசாமி பரமேசுவரன் நினைவில் எழுகிறார். தமிழரொருவர் தமிழ் மண்ணிலேயே தமிழர் குண்டுக்கு இரையான வரலாறு அவருடையது.

1946 செப்டம்பர் 13இல் பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், அங்கேயே எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் 1968இல் அறிவியல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னையில் படைப்பயிற்சி பெற்று, 1972இல் மகார் படைப்பிரிவில் அதிகாரியானார். வடகிழக்கு மாநிலங்களிலும் பணியாற்றினார்.

1987 சூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றது. பரமேசுவரனின் எட்டாம் மகார் அணியும் உடன் சென்றது. அக்டோபரில் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அமைதி காக்கச் சென்றோர் போர்க்களம் புக நேர்ந்தது.

நவம்பர் 25 இரவு, தேடுதல் பணி முடித்துத் திரும்பிய அவருடைய அணியைப் போராளிகள் மறைந்திருந்து தாக்கினர். கலங்காத மேஜர், எதிரிகளைப் பின்புறமாகச் சூழ்ந்து திருப்பித் தாக்கினார். கைகலப்பில் ஒருவர் அவர் மார்பில் சுட்டார். அவரது துப்பாக்கியைப் பறித்து அவரையே வீழ்த்திய மேஜர், இறுதி மூச்சுவரை வீரர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 41. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதாகிய பரம்வீர் சக்கரம் அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பெற்றது. அமைதிப்படையில் அவ்விருது பெற்றவர் அவர் ஒருவரே. 2023இல் அந்தமான் தீவுகளுள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது.

எனினும், விருது போற்றுவது ஒரு மனிதரின் கடமையுணர்வையே. போரை அது நியாயப்படுத்துவதில்லை. 1990 மார்ச்சில் நாடு திரும்பிய அமைதிப்படை ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்திருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் அப்படையின் தாக்குதலில் நோயாளிகளும் மருத்துவர்களும் மடிந்தனர். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். தமிழே தாய்மொழியாகக் கொண்ட அம்மக்கள் ஏதிலிகளாயினர். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

தேசிய மாணவர் படைச் சீருடையில் நம் கல்லூரித் திடலில் அணிவகுக்கும் மாணவர்கள் பரமேசுவரனின் நெஞ்சுரத்தைக் கற்கட்டும். அத்தகைய நெஞ்சுரத்தை உடன்பிறந்தார் போருக்கு இரையாக்காதிருக்கும் அறிவைக் கோவூர் கிழாரிடம் கற்கட்டும். முன்னது வீரம், பின்னது அறம். இரண்டையும் ஒருசேரக் கற்பிப்பதே தமிழாசிரியராகிய நம் கடன்.