பனியன் ஊரும் ராட்டினத்தின் அளவுகோலும்

தீபாவளி போனஸ் கைக்கு வந்து, பனியன் கம்பெனிகளின் இயந்திரங்கள் ஓய்வு கொள்ளும் நாட்களில், திருப்பூரில் ஒரு பகுதியினர் சொந்த ஊருக்குப் பஸ் ஏற, மீதிப்பேரில் பலர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் உள்ள பிளாக் தண்டருக்கோ, அவிநாசி வழியே போகும் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கொச்சி வொண்டர்லாவுக்கோ பிரயாணம் வைக்கிறார்கள். அங்கே பெரிய ராட்டினங்களின் வாசலில் நிற்கும் அளவுக் கம்பம், எந்தப் பிள்ளை ஏறலாம், எது ஏறலாகாது என்பதைத் தாட்சண்யமின்றித் தீர்மானித்துவிடுகிறது.

உயரத்தைச் சென்டிமீட்டரில் எண்ணுவது இவ்வூருக்குப் புதிதன்று. ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தை உடுப்புகளின் கழுத்து லேபிளில் 104, 110, 116, 122 என்று ஆறு ஆறாக ஏறும் எண்கள், அவற்றை அணியப்போகும் குழந்தையின் உயரமே அன்றி வேறல்ல; ஐந்து வயதுக்குப்பின் பருவமடையும் வரை பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளருவதால், ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு ஒரு சைஸ் என்று கணக்கு அமைகிறது. ஆனால் செக்கிங் மேஜையில் அளவு சற்று முன்பின் இருந்தால் ‘டாலரன்ஸ்’ என்று விட்டுவிடுவார்கள்; ராட்டினத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

காரணம் இருக்கையின் தடுப்புக் கம்பியில் இருக்கிறது. வண்டி உச்சியிலிருந்து சரியும்போது உடல் இருக்கையை விட்டு மேலெழும்ப முயலும். அதைத் தொடையிலும் இடுப்பெலும்பிலும் அழுத்திப் பிடிப்பதே கம்பியின் வேலை. சிறு பிள்ளைக்கு இடுப்பெலும்பு முழுதாக விரியாததாலும், கால் தரையில் ஊன்ற எட்டாததாலும், உடல் கம்பியின் அடியில் நழுவிவிடக்கூடும். “ஒருக்கா உட்டுருங்க தம்பி, நாந்தான் கூடவே உக்காந்துக்கறனே” என்று தகப்பனார் மன்றாடுவதில் உள்ள அபாயம் யாதெனில், இருவருக்கும் பொதுவான கம்பி அவருடைய பெரிய தொடையில் தட்டி நின்றுவிட, பக்கத்துப் பிள்ளைக்கும் கம்பிக்கும் இடையே வெற்றிடம் விழுந்துவிடுகிறது. 2022-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்து ராட்டினம் ஒன்றில், பதினான்கு வயதுச் சிறுவன் விழுந்து இறந்தது, பெரிய உடலுக்கு இடம் தருவதற்காகத் தடுப்பின் உணர்கருவியைத் தளர்த்தி வைத்ததால் உண்டான அப்படிப்பட்ட இடைவெளியினால்தான். செருப்புக்குள் அட்டை வைத்து உயர்த்தும் சாமர்த்தியம் கம்பத்தை ஏமாற்றலாம். கம்பிக்குத் தெரிந்தது இடுப்பு ஒன்றே.

ஆகவே, புறப்படுவதற்கு முன்பே வீட்டுச் சுவரில் அளந்துவிடுவது உத்தமம். வெறுங்காலோடு, குதிகால் சுவரில் பட நிற்கவைத்து, தலைமேல் தட்டையான புத்தகத்தை வைத்துக் கோடு போடலாம். தையல் டேப் நாள்பட இழுபட்டு நீண்டிருக்கும் என்பதை இவ்வூரார் அறிவார்கள், இரும்பு டேப்பே நம்பத்தக்கது. நாள் முழுதும் ஓடியாடியபின் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்கி உயரம் சிறிது குறைவது இயற்கையாதலால், அனுமதி உயரத்தை ஒட்டி நிற்கும் பிள்ளையை மாலையில் அளப்பதே ஜாக்கிரதை. பிறகு பூங்காவின் விதிகளை விசாரித்து, “உனக்கு இது, இது உண்டு, அது அடுத்த வருஷம்” என்று பெயர் சொல்லிப் பிள்ளைக்குத் தெரிவித்துவிட வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அட்டவணைப்படி ஐந்து வயதின் நடுத்தர உயரம் சுமார் 110, பத்து வயதின் உயரம் சுமார் 138 சென்டிமீட்டர். ஆகையால் 140 என்று எழுதிய வாசலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிற்கூடப் பாதிப்பேருக்கு மேல் திரும்ப வேண்டியதுதான். அக்காள் ஏறித் தம்பி ஏற முடியாத வீட்டில், அந்நேரம் தம்பியோடு எந்தக் குட்டி ராட்டினத்துக்கு யார் போவது என்பதையும் முன்கூட்டியே பேசிவைப்பது அழுகையைக் குறைக்கும்.

இன்னொரு சங்கதி. வயதைக் கேளாமல் உயரத்தைக் கொண்டே குழந்தைக் கட்டணம் நிர்ணயிக்கும் பூங்காக்கள் உண்டு. கொச்சி வொண்டர்லா அவற்றில் ஒன்று. கட்டண ஜன்னலில் “கொஞ்சம் குனிஞ்சு நில்லு கண்ணு” என்று காதோடு சொல்லும் பெற்றோரே, அரைமணி கழித்து ராட்டின வாசலில் “நல்லா நிமிந்து நில்லு” என்கிறார்கள்.