ஷீட் போட்ட குளம்

குளம் வெட்டி அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிட்டால் தண்ணீர் அப்படியே நிற்கும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மகாராஷ்டிராவின் பண்ணைக்குட்டைகளைப் பற்றிப் படித்த பிறகுதான் அது பாதி உண்மை என்று புரிந்தது.

குளத்துத் தண்ணீர் இரண்டு வழியில் போகும். கீழே கசிவு, மேலே ஆவி. கசிவு மண்ணைப் பொறுத்தது. மணல் தரையில் தண்ணீர் நிற்கவே நிற்காது. நன்றாக இறுக்கிய களிமண்ணில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கும். ஆனால் களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். அங்கேதான் 500 மைக்ரான் பாலித்தீன் ஷீட் வருகிறது. கிழியாமல், ஒட்டு பிரியாமல் இருந்தால் கசிவு கிட்டத்தட்ட நின்றுவிடும்.

ஆவி? அதை ஷீட்டால் ஒன்றும் செய்ய முடியாது. சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். கோடையில் ஒரு நாளைக்கு 8 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள குட்டையில் அது தினமும் 7,200 லிட்டர். மூன்று மாதத்தில் நீர்மட்டம் 72 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், ஒரு சொட்டு பாசனம் செய்யாமலே.

மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்த குட்டை என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடிப்போயிருக்க வேண்டிய தண்ணீர்தானே. மகாராஷ்டிராவில் நடந்தது வேறு. அரசு மானியத்தோடு வெட்டிய குட்டைகள் பலவற்றை விவசாயிகள் கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் மோட்டார் போட்டு நிரப்பினார்கள். திராட்சையும் மாதுளையும் கோடையைத் தாண்ட வேண்டுமே! நாம் எடுக்காவிட்டால் பக்கத்துக்காரர் எடுத்துவிடுவார் என்ற பயம் வேறு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். பூமிக்கடியில் வெயில் படாமல் இருந்த தண்ணீர் மேலே வந்து ஆவியாகிறது. ஷீட் இருப்பதால் மண்ணுக்கும் திரும்பிப் போகாது. குட்டை இல்லாதவரின் கிணறுதான் முதலில் வற்றும்.

என்னைக் கேட்டால், ஷீட் விலை விசாரிக்கும் முன்னால் இந்தக் குட்டை எந்தத் தண்ணீரால் நிரம்பப்போகிறது என்று பார்க்கச் சொல்வேன். மழைத் தண்ணீர், மணல் தரை என்றால் தாராளமாகப் போடலாம்; பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினால் ஆவியும் குறையும். கிணற்றுத் தண்ணீர் என்றால், அது கிணற்றிலேயே இருக்கட்டும்.