நாற்பதுக்குப் பின் நெடுங்கணக்கு

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் ரயிலில் ஏறி, ஆரணிக்குப் போகவேண்டுமென்று ‘ஆரணி ரோடு’ நிலையத்தில் இறங்குகிற பிரயாணி கால் வைப்பது ஆரணியில் அன்று, களம்பூரில். அரிசி ஆலைகளின் புழுங்கல் மணமும் தறிகளின் ஓசையும் கலந்து வரும் அந்த வட்டாரத்தில், நாற்பதைக் கடந்த நெசவாளி ஒருவர் குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்து, கணினியில் வரைந்து அட்டையில் குத்தி வந்த புது டிசைன் ஒன்றை முதன்முதலாக நெய்யத் தொடங்கும் வேளையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்த்தால், முதியோர் கல்வியைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசும் பேச்சில் பாதி அவசியமற்றதாகிவிடும்.

தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. மிதியை அழுத்தும்தோறும் சங்கிலியாகக் கோத்த அட்டைகளில் ஒன்று முன்னே வருகிறது. துளை உள்ள இடத்துக் கொக்கிகள் மட்டும் எழும்ப, அவற்றில் கட்டிய பாவிழைகள் பிரிந்து வழிவிட, அந்த வழியே நாடா ஓடுகிறது. கரையில் ஓர் இழை தவறி எழுந்தால் பூ சிதைந்துவிடும். சிதைவு எந்த அட்டையில் தொடங்கியது, எந்தக் கொக்கி ஏமாற்றியது என்று பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் முழத்தில் தயங்கித் தயங்கிப் போகும் கை, இரண்டாவது புடவையில் தானே ஓடுகிறது. இதை அவரும் படிப்பென்று சொல்வதில்லை, ஊரும் சொல்வதில்லை. அதே மனிதரிடம், மாலையில் ஒரு வகுப்பு நடக்கிறது, வந்து உட்காருங்கள் என்றால், “இந்த வயசுல இனிமே எங்கங்க மண்டையில ஏறப் போவுது?” என்று சிரித்துவிட்டுப் போவார்.

மண்டையில் ஏறுமா, ஏறாதா என்பது பரிசோதனைக்கு உட்பட்ட விஷயம். அமெரிக்க உளநூல் நிபுணரான எட்வர்ட் தார்ன்டைக் இதையே ஆராய்ந்து 1928-இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்கும் சக்தி இருபதுகளின் தொடக்கத்தில் உச்சம் அடைந்து, அதன்பின் நாற்பத்தைந்து வரையில் ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒரு பங்குக்கு மேற்படாத அளவிலேயே குறைகிறது என்பது அவர் கண்ட முடிவு. வயதாகிவிட்டதென்ற பயத்தால் நாற்பத்தைந்துக்குட்பட்ட எவரும் எதையும் கற்காமல் விடத் தேவையில்லை என்று அவர் துணிந்து கூறினார். பின்னால் வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 48,000 பேரைச் சோதித்து ஹார்ட்ஸ்ஹோர்ன், ஜெர்மைன் என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, விஷயத்தைச் சட்டென்று கிரகிக்கும் வேகம் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடுகிறது. சொல்வளமோ அறுபதுகளின் பிற்பகுதி வரையிலும், அதற்கு அப்பாலும் கூட ஏறிக்கொண்டே இருக்கிறது. மூளையின் சக்திகள் யாவும் ஒரே நாளில் வயோதிகம் அடைவதில்லை. வாலிபனிடம் வேகம் இருக்கிறது. நாற்பது வயதுக்காரரிடம் புதிய செய்தியைக் கொண்டுபோய்க் கட்டிவைக்கப் பழைய செய்திகள் ஆயிரம் இருக்கின்றன.

எழுத்தே அறியாத ஒருவர் முப்பது வயதுக்கு மேல் எழுத்தறிந்தால் அவருடைய மூளையில் என்ன மாறும்? இதற்கு விடை தேடியவர்கள் நம் நாட்டுக்குத்தான் வந்தார்கள். லக்னோ நகரத்துக்கு அருகிலுள்ள கிராமங்களில், பள்ளிப் படிப்பு வாய்க்காத, சராசரி முப்பத்தொரு வயதுடைய ஹிந்தி பேசும் மக்களுக்கு ஆறு மாத காலம் தேவநாகரி எழுத்துகளைப் படிக்கவும் எழுதவும் கற்பித்து, கற்குமுன் ஒருமுறையும் கற்றபின் ஒருமுறையும் காந்த அதிர்வுக் கருவியில் அவர்களுடைய மூளையைப் படமெடுத்தார்கள் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் நம் நாட்டு விஞ்ஞானிகளும். 2017-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில் ஆச்சரியம் என்னவென்றால், மாற்றம் மூளையின் மேற்புறணியோடு நிற்கவில்லை. பார்வைச் செய்திகளை வடிகட்டி அனுப்பும் தாலமஸ், கண்ணசைவை ஆளும் மூளைத்தண்டுப் பகுதி ஆகிய மிகப் புராதனமான உறுப்புகளும், பார்க்கும் புறணியோடு முன்னிலும் ஒத்திசைந்து இயங்கத் தொடங்கியிருந்தன. கற்றவர்களும் ஒப்பீட்டுக்காகக் கற்பிக்கப்படாதவர்களும் சேர்ந்து சுமார் முப்பது பேரே அடங்கிய சிறு கூட்டம் அது என்பதை மறக்கக்கூடாது. பெரிய கோபுரம் எழுப்ப அந்த அஸ்திவாரம் போதாது. எழுத்து வந்து குடியேறுவதால் முகங்களை அடையாளம் காணும் பகுதி சுருங்கிவிடுமோ என்றொரு சந்தேகமும் இதற்கு முன்பே எழுந்திருந்தது. அதே வட இந்திய மக்களிடையே மேலும் பலரைச் சேர்த்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அப்படி எதுவும் பறிபோவதில்லை என்று காட்டியது.

ஆனால் வந்தது நிலைக்குமா என்பது வேறு கேள்வி. ஜெர்மனியில் 2004-இல் போக்தான் திராகன்ஸ்கி என்பவரும் சகாக்களும், மூன்று பந்துகளை மாறிமாறி வீசிப் பிடிக்கும் வித்தையை வயது வந்தவர்களுக்கு மூன்று மாதம் பயிற்றுவித்தபோது, அசையும் பொருளைப் பார்ப்பதற்குரிய மூளைப் பகுதி சற்றே தடித்தது. அடுத்த மூன்று மாதம் பந்தைத் தொடாமல் இருந்தபோது அந்தத் தடிப்பு பெரும்பாலும் வற்றிப்போயிற்று. இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கத்தின் நினைவு வருகிறது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்குவாரித் தொழிலாளப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு சாலைகளில் அணியணியாகப் போன காட்சி தேசத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த வேகம் தணிந்தபின் பல ஊர்களில் கற்ற எழுத்து மங்கியது. அப்பெண்களின் புத்தியைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை. அப்பியாசத்துக்கு இடமில்லாமற் போனதுதான் காரணம். சைக்கிள் ஓட்டக் கற்றவள் தினமும் ஓட்டினாள். எழுத்தைக் கற்றவளுக்குத் தினமும் வாசிக்க என்ன இருந்தது?

எஸ். ஆர். ரங்கநாதன் போன்றோரின் இடைவிடாத முயற்சியால், சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் கட்டிவருகிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரியவருக்கு அந்த வரியிலிருந்து கிடைப்பது என்ன என்று கேட்டால், குழந்தைப் புத்தகத்தையோ, தடித்த நாவலையோதான் காட்டவேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அலமாரி பெரும்பாலும் காலி.

கற்கும் முறையிலும் பள்ளிக்கூடத்துப் பழக்கம் பெரியவர்களைக் கெடுக்கிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தம்மைத் தாமே பரிசோதனைக்கு உட்படுத்தி, ஒரே மூச்சில் உருப்போட்டதைவிட இடைவெளி விட்டுக் கற்றது நெடுநாள் நிற்கிறதென்று நிரூபித்துவிட்டார். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்று களம்பூர் விவசாயி சொல்வது ஞாபகசக்திக்கும் அப்படியே பொருந்தும். ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் மாணவர்களிடம் நடத்திய சோதனையோ இன்னும் விசித்திரமானது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது முந்திக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது நூற்றுக்கு 42 பங்கு, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 பங்கு. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட வசதி யாருக்கு உண்டு? கையும் காலும் பழகிய வேலையைச் செய்துகொண்டிருக்கையில், நேற்றுக் கற்ற நான்கு வரியை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க முடியும்.

இத்தனை சாஸ்திரத்துக்கும் நடுவே, மிகச் சாமானியமான ஒரு தடையை யாரும் பேசுவதில்லை. நாற்பதை ஒட்டி அநேகமாக எல்லோருக்கும் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. இழை அறுந்தால் முடி போடவும், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கவும் கண்ணைத்தான் நம்பவேண்டும். பாடப் புத்தகத்தின் பொடி எழுத்தும் அதே கண்ணைத்தான் கேட்கிறது. எழுத்து தெரியவில்லை என்பதற்கும் எழுத்து புரியவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் ஒருவர் வாய்விட்டுச் சொல்வதில்லை, வெட்கப்பட்டு நின்றுவிடுகிறார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு இலவசமாக வாசிப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்த்து 2018-இல் வெளியான ஆராய்ச்சியில், கண்ணாடி பெற்றவர்களின் வேலைத்திறன் பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. முதியோர் வகுப்பின் முதல் நாள் பலகையும் சாக்கட்டியும் வருவதற்கு முன்னால் கண்ணாடிப் பெட்டி வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எதை வைத்துத் தொடங்குவது? பிரேசில் நாட்டு பாவ்லோ பிரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில், சுமார் 300 தொழிலாளர்களுக்கு அவர்களுடைய வாழ்விலிருந்தே சொற்களைப் பொறுக்கி எடுத்து, ஏறத்தாழ நாற்பது மணி நேரத்தில் எழுத்துக் கற்பித்தார். களம்பூரில் அந்தச் சொற்களுக்கு எங்கும் அலைய வேண்டாம். பாவு, நாடா, தறி, கூலி என்று நான்கை எழுதிப் பாருங்கள். பா, நா, டா மூன்றிலும் ஒரே துணைக்கால். றி, லி இரண்டிலும் ஒரே மேல்விலங்கு. ‘வு’வில் குறிலும் ‘கூ’வில் நெடிலும். 247 எழுத்துகளைக் கண்டு மலைத்து நிற்பவருக்கு, நான்கே சொற்களில் ஐந்து உயிரின் வரிசைகள் பிடிபட்டுவிடுகின்றன. அடுத்த பாடம் கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ் புத்தகமாக இருந்தால், எத்தனை கிராம் பட்டு, எத்தனை கிராம் ஜரிகை, எவ்வளவு பிடித்தம் என்பதை வாசிக்கும் ஆவல் ஒன்றே வாத்தியார் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

எழுத்தறிந்தவர்களுக்கு வாய்ப்புகள் இன்று ஏராளம்: 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வயது வரம்பின்றிச் சேர்த்துக்கொள்ளும் சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழிப் பட்டப்படிப்பு என்று கதவுகள் திறந்தே கிடக்கின்றன. படித்தால் மறதி நோய் வராது என்று விற்பனை செய்கிறவர்களை மட்டும் நம்பவேண்டாம். அத்தகைய உத்தரவாதம் எவரிடமும் இல்லை. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டு பாஷை பேசுகிறவர்களுக்கு அந்நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு பிந்தி வந்ததென்று கூறுகிறது. எழுத்தறியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தென்பட்டது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைந்த வட ஆர்க்காட்டுச் சீமையில் இச்செய்தி சற்றே சந்தோஷம் தரலாம்.

நேரம்தான் கடைசிச் சிக்கல். நெய்தால்தான் கூலி, வகுப்பில் போகும் ஒரு மணி நேரம் வீட்டு வருமானத்திலிருந்து கழிகிறது. ஆகையால் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறப்பதைப் பார்த்து முதியோர் வகுப்பையும் திறப்பது பயன் தராது. தீபாவளி வியாபாரம் முடிந்து, விடாத மழையில் தறிக்குழியில் ஈரம் கோத்து, பாவு விறைப்புத் தளர்ந்து, வேலை தானாகவே நின்றுபோகும் கார்த்திகையில் வகுப்பைத் தொடங்கி, தை முகூர்த்தத்துக்குத் தறிகள் மறுபடி ஓடும்போது வாரத்துக்கு ஒரு மாலையாகக் குறைத்து, பழைய பாடத்தை நினைவிலிருந்து ஒப்பிப்பதற்கென்றே அந்த மாலையை ஒதுக்கினால், எபிங்ஹவுஸ் கேட்ட இடைவெளியும் கிடைத்துவிடும், கூலியும் அதிகம் குறையாது.