தாத்தாவோட இடது கை!

செங்கோட்டை தாண்டி கேரளா பக்கம் போயிருக்கீங்களா? செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்க, மலைக்காற்று சிலுசிலுன்னு அடிக்குமே... அதுதான் எங்க புளியறை. போன செமஸ்டர் லீவுக்கு அங்கே போன எனக்கு, எந்த இன்ஜினீயரிங் சிலபஸ்லயும் இல்லாத ஒரு பாடம் கிடைச்சுது.

தாத்தாவுக்குப் பக்கவாதம். இடது கையும் காலும் வரலை. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாத்திட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு அட்வைஸ். 'புறா ரத்தம் தேய்ங்க' என்றார் ஒருத்தர். 'அசையாம படுக்க வைங்க' என்றார் இன்னொருத்தர். ஆச்சியோ பாசத்துல, சோறு ஊட்டுறதிலிருந்து பட்டன் போடுறது வரை எல்லாத்தையும் தானே செஞ்சாங்க. நான் அந்த இடது கையைப் பிடிச்சு இழுத்துத்தான் தாத்தாவைத் தூக்கிவிட்டேன். ரெண்டே வாரத்தில் தோள்பட்டையில் வலி!

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா கேட்டாங்க: "தம்பி, லூஸான ஜாயின்ட்டை இழுத்தா என்னாகும்? இன்ஜினீயரிங்தானே படிக்கிற?" செம பல்பு!

மூளையில் நடப்பது என்ன?

ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ மூளையில் அந்தப் பகுதி செல்கள் செத்துப்போகும். செத்தது திரும்பாது. ஆனா, மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கும். மெயின்ரோடு பிளாக் ஆனா குறுக்குச் சந்து தேடுற மாதிரி. திரும்பத் திரும்பப் போனால்தான் சந்து, ரோடாகும். நாமே எல்லாம் செஞ்சு கொடுத்தா, அந்தக் கை சும்மாவே இருந்து பழகிடும்.

அதுக்காக ஓவர் ஸ்பீடும் ஆகாது. 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த 'அவெர்ட்' ஆய்வு 2015-ல் வெளியானது. முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பி நடக்க வைத்தவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறியிருந்தாங்க!

அப்போ வீட்டு ஆளுங்களுக்கு டிரெயினிங் கொடுத்தா போதுமா? நம்ம நாட்டில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரிடம் அதையும் சோதிச்சாங்க. 2017-ல் வந்த ரிசல்ட்: ஆறு மாசம் கழிச்சு இரண்டு குழுவிலும் இறந்தவர்கள், பிறரைச் சார்ந்து இருந்தவர்கள் சேர்த்து 47 சதவிகிதம். வித்தியாசமே இல்லை. பாசம் வேணும் பாஸ்... ஆனா, அது பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பதில் ஆகாது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு.

நீங்க செய்யக்கூடியது

* முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு டைம் நாலரை மணி நேரம்தான்.
* விழுங்க முடியுதான்னு டாக்டர் பார்க்கும்வரை தண்ணிகூட வேண்டாம்.
* பாதிச்ச கையை இழுக்காதீங்க. தலையணை வெச்சுத் தாங்குங்க.
* பி.பி. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. இரண்டாவது அட்டாக் காத்திருக்கும்.
* ஆள் சும்மா வெறிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா, மனச்சோர்வாகவும் இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்க.

போன வாரம் ஊருக்குப் போனேன். தாத்தா இடது கையால் டீ கிளாஸை எடுக்கிறார். வாய்க்குப் போக ஒரு நிமிஷம் ஆகுது. பாதி டீ சட்டையில். உதவி செய்ய ஆச்சி கை தானா நீளுது...

"இரு ஆச்சி, தாத்தாவே குடிக்கட்டும்!"