கையால் செய்யப்படும் கித்தார்: ஒன்று போல் இன்னொன்று ஒலிக்காதது ஏன்?

ஆறு தந்திகள், நடுவில் ஒரு துளை, இடை ஒடுங்கிய மரப்பெட்டி. பார்வைக்குக் கிளாசிக்கல் கித்தார்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனால் கடையில் ஒன்று சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. கைவினைஞர் ஒருவர் தனியாகச் செய்த இன்னொன்றுக்குப் பல்லாயிரம் வெள்ளி கேட்கிறார்கள். பிள்ளைகளை இசை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் பலருக்கும் இது புரியாத புதிர்.

விடை, வெளியே தெரியாத ஓரிடத்தில் இருக்கிறது.

மேற்பலகையே உயிர்

மிருதங்கத்துக்குத் தோல் எப்படியோ, கித்தாருக்கு அதன் மேற்பலகை அப்படி. தந்தியின் அதிர்வு பலகைக்கு இறங்கி, பலகை காற்றை அசைக்கும்போதுதான் நாதம் பிறக்கிறது. பொதுவாக இந்தப் பலகையின் கனம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான். ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ விசையுடன் அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பலகை தடித்தால் ஒலி அமுங்கிவிடும். மெலிந்தால் வளைந்து கெட்டுவிடும்.

ஆகவே, பலகையின் அடியில் மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டித் தாங்க வைக்கிறார்கள். அந்தச் சட்டங்களை எங்கே, எத்தனை, எந்தக் கனத்தில் ஒட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு பட்டறையும் தன் வழியில் பிரிகிறது.

ஸ்பெயின் போட்ட பாதை

இன்றைய கிளாசிக்கல் கித்தாருக்கு வடிவம் கொடுத்தவர் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ டோரஸ் (1817–1892). பெட்டியைப் பெரிதாக்கி, பலகையை மெல்லியதாக்கி, அடியில் ஏழு சட்டங்களை விசிறி போல விரித்து ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். 650 மில்லிமீட்டர் தந்தி நீளம் வழக்கமான அளவாக நிலைபெற்றதும் அவருடைய கித்தார்களின் வழியாகத்தான்.

ஒலிக்கு மேற்பலகையே முதன்மை என்பதைக் காட்ட, 1862-இல் அவர் ஒரு வேலை செய்தார். பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்தார். அந்தக் கித்தார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டோரஸ் வழி வந்த ஸ்பானியக் கித்தார்கள் எடை குறைந்தவை. மீட்டியதும் ஒலி சட்டென எழும். அடிக்குரல் ஆழமாக, இதமாக இருக்கும். விரல் படும் இடத்தையும் விதத்தையும் மாற்றினால் நாதத்தின் நிறமும் மாறும்.

ஜெர்மனியின் தெளிவு

மியூனிக் நகரின் ஹெர்மன் ஹவுசர் (1882–1952) ஸ்பானிய முறையைக் கற்று, அதில் தமது துல்லியத்தைச் சேர்த்தார். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போதும் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுவது அவருடைய கித்தார்களின் சிறப்பு. புகழ்பெற்ற கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா, ஹவுசர் 1937-இல் செய்த கித்தாரைக் கால் நூற்றாண்டு காலம் மேடையில் வாசித்தார். இப்போது அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மண்டபங்கள் பெரிதானபோது

இசை அரங்குகள் பெரிதாகப் பெரிதாக, கடைசி வரிசைக்கும் கேட்கும் ஒலி தேவைப்பட்டது. மட்ரிட் நகரின் மூன்றாம் ஹோசே ராமிரெஸ், 1960-களில் வழக்கமான ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பதிலாகச் செந்நிற சிடார் மரத்தை மேற்பலகைக்குப் பயன்படுத்தினார். தந்தி நீளத்தையும் 664 மில்லிமீட்டராகக் கூட்டினார். ஒலி தடித்து, இனிமை கூடியது. ஆனால் தந்தியின் இறுக்கமும் கூடியது. இடக்கை விரல்கள் இன்னும் அகல விரிய வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் விசிறி முறையையே கைவிட்டார். பால்சா மரத்தையும் கார்பன் நாரையும் கொண்டு சன்னல் கம்பி போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அமைத்தார். மேற்பலகையை மிகவும் மெல்லியதாக்கி, முதுகையும் பக்கங்களையும் கனமாக்கினார். கலைஞர் ஜான் வில்லியம்ஸ் 1980-களில் இதை எடுத்துக்கொண்ட பிறகு இந்தப் பாணி உலகெங்கும் பரவியது. ஜெர்மனியில் மத்தியாஸ் டாமன், கெர்னோட் வாக்னர் ஆகியோர் இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற நோமெக்ஸ் அடுக்கை வைத்து ‘இரட்டைப் பலகை’ முறையை உருவாக்கினர்.

இவை உரக்க ஒலிக்கின்றன. சுரம் நீண்டு நிற்கிறது. ஆனால் பழைய ஸ்பானியக் கித்தாரின் நிறபேதங்கள் இவற்றில் குறைந்துவிட்டன என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். கடைசி வரிசைக்குக் கேட்காத நிறத்தால் என்ன பயன் என்று மறுசாரார் கேட்கின்றனர். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

மரத்தில் ஒரு தமிழ்த் தொடர்பு

ஸ்ப்ரூஸ் பலகை தெளிவான ஒலி தரும். வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும் என்பது கலைஞர்களின் அனுபவம். சிடார் தொடக்கத்திலிருந்தே இதமாக ஒலிக்கும். முதுகுக்கும் பக்கங்களுக்கும் முன்பு பிரேசில் ரோஸ்வுட் பெரிதும் விரும்பப்பட்டது. 1992 முதல் அதன் அனைத்துலக வணிகத்துக்குக் கடுமையான தடை உள்ளது. அந்த இடத்தை நிரப்பியிருப்பது இந்திய ரோஸ்வுட். நீலகிரி, வயநாடு மலைகளில் வளரும் நம் ஈட்டி மரம்தான் அது. உலகின் சிறந்த மேடைகளில் ஒலிக்கும் கித்தார்கள் பலவற்றின் முதுகு, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து போனது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

தொடங்கும் மாணவருக்குக் கைவினைக் கித்தார் தேவையில்லை. அடுத்த படிக்குப் போகும்போது ஒலியை மட்டும் பார்க்காமல் கையையும் பார்க்க வேண்டும். சிறிய கை உள்ளவர்களுக்கு 640 மில்லிமீட்டர் தந்தி நீளத்திலும் கித்தார் செய்கிறார்கள். கைக்குப் பெரிதான கருவியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பயிற்சி செய்தால் விரலுக்கும் மணிக்கட்டுக்கும்தான் பாதிப்பு.

வாங்கும்போது ஒருவர் வாசிக்க, மற்றவர் சில அடி தள்ளி நின்று கேட்பது நல்லது. வாசிப்பவர் காதில் கேட்கும் ஒலி வேறு, எதிரே இருப்பவருக்குக் கேட்பது வேறு.

நம் நாட்டு வானிலையும் முக்கியம். ஈரக்காற்றில் தப்பின் தோல் தளர்ந்துவிடுவதால் தீயில் காய்ச்சுவது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கித்தார் பலகையும் ஈரத்தை உறிஞ்சி உப்பும். தந்தி உயர்ந்து, அழுத்துவது கடினமாகும். மாறாக, நாள் முழுதும் குளிர்சாதன அறையில் கிடந்தால் காய்ந்து வெடிக்கும். கித்தார் பட்டறைகளில் பொதுவாக 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில்தான் வேலை நடக்கிறது. எனவே, கித்தாரை வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்து மூடி, உள்ளே ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்றை வைப்பது அவசியம். அந்த மானிக்கு ஆகும் செலவு, வெடித்த பலகையைச் சரிசெய்ய ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.